ஆலமுண்டவனுக்குப் படைத்த பச்சைப்பால்

நஞ்சையும் அமுதாய் ஏற்ற நீலகண்டன் திருவடி போற்றி.

விளம்பி ஆண்டுத் தை மாதம், வளர்பிறைப் பிரதோஷ நன்னாள். புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பசுவுக்குச் சினை கலைந்திருந்தது. வைத்திக்குப்பத்தைச் சேர்ந்த இளம் கால்நடை மருத்துவர் வந்து சோதித்தார். கையைக் கழுவிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, சாயங்காலம் ஆனா உங்களுக்குச் சுரம் வருதா? மூட்டெல்லாம் வலிக்குதா?"

திடுக்கிட்டேன். மூன்று மாதமாக அதுவே என் துன்பம்.

"டாக்டர் முசே, உங்கள கூப்பிட்டது மாட்டப் பாக்கத்தானே?"

"மாட்டப் பாத்துதான் கேக்கறேன். பால காய்ச்சித்தான குடிக்கிறீங்க?"

"பூசையில வச்ச பச்சப்பால் பிரசாதமாச்சே! அத யாராவது காய்ச்சுவாங்களா?" என்று பெருமையோடு சொன்னேன்.

அப்போது, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் அன்று படைத்த அந்தப் பாலை முதன்முதலாக உதட்டருகே கொண்டுபோனாள்.

"தங்கச்சி, கீழ வச்சிடும்மா!" என்று பதறிய மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "மாட்டுக்குச் சினைய கலைக்கிற இந்த நோய், பச்சப்பால் வழியா மனுசங்களுக்கும் வரும். வயித்துப் புள்ளைக்கும் ஆவாது. ஆலகாலம் குடிச்ச சாமிக்கு ஒண்ணும் ஆவாது ஐயா. நமக்கு அந்தத் தொண்டை கெடையாதே!"

மகள் சிரித்துக்கொண்டே குவளையை வைத்துவிட்டாள். எனக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தச் சோதனை அவர் ஐயத்தை உறுதிசெய்தது. மருந்தால் நான் தேறினேன். சித்திரையில் பேத்தி நலமாய்ப் பிறந்தாள்.

அன்றுமுதல் வேறொரு பசுவின் பாலை, காய்ச்சி ஆறவைத்தே படைக்கிறேன். இறைவன் முகம் சுளிக்கவில்லை. பசுவின் நோயில் என் நோயைக் கண்டவரை அனுப்பியவன் அவனல்லவா?

இதைப் படிப்போர் வீட்டில் கன்றும் மழலையும் நோயின்றி வளர்க.