பல்பு புஷ்பத்துக்கு, சுவிட்ச் லெச்சுமிக்கு

வெயிலை விற்கிற வேலை எங்களுடையது. அதுவும் பாதி வருஷம் மூடுபனியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிற மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்கள் பக்கத்தில். ஹட்டன் கடையொன்றில் என் மூத்த மகன் சோலார் பூட்டும் வேலைக்குச் சேர்ந்தான். அவன் கூரை மேலே. நான் அடுப்படியில் பொம்பளைகளுக்கு விளக்கம் சொல்ல. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குப் புகையில் மூக்கில் கரியோடு எழும்பியவர்களுக்கு, நாங்கள் ஏன் இந்தப் பாடுபட்டோம் என்று சொல்லாமலே புரியும்.

வெயில் விழுகிற பக்கம்

லெச்சுமி விடியுமுன் ரொட்டி சுட்டு, பெரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஓடுகிற ஆட்களுக்கு விற்பவள். ஒருநாள் குப்பி விளக்கு சாய்ந்து திரைச்சீலையில் தீப்பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தீக்குச்சி கிழிக்கவே பயம். ரொட்டியை விட்டால் பிழைப்பில்லை. “எனக்கு ஒரு நல்ல வெளிச்சம் குடுங்கக்கா” என்று வந்தாள்.

அவளுடையது முதுகோடு முதுகு ஒட்டிய லயம்; ஒரே நடுச்சுவருக்கு ரெண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். அவள் பக்கத்துக் கூரை முழுக்க டர்பன்டைன் மரத்து நிழல். வெயில் விழுவதோ சுவருக்கு அந்தப் பக்கம், அவள் அண்ணன் பெண்டாட்டி புஷ்பத்தின் கூரையில். ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்று ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் பேச்சில்லை.

நான் தூது போனேன். நடுச்சுவர் வழியாக ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு அப்படியே கேட்கும். ஆனாலும் நான் லயத்தைச் சுற்றி நடந்து வந்து, அதையே திரும்பச் சொல்ல வேண்டும்! கடைசியில் புஷ்பம், தன் வீட்டுக்கும் ஒரு பல்பு கொடுத்தால் கூரையைத் தருவதாக இறங்கி வந்தாள். பெட்டி, பேட்டரி எல்லாம் லெச்சுமி வீட்டில். புஷ்பத்தின் பல்புக்குச் சுவிட்சை எங்கே வைப்பது என்று மகன் கேட்டதும் லெச்சுமி சுவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: “பல்பு அவங்களுக்கு, சுவிட்ச் எனக்கு!”

புஷ்பம் அசரவில்லை. அகப்பையால் சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் போடு, ரெண்டு தட்டினால் அணை. வாய் திறக்காமலே காரியம் நடந்தது.

சூரியனுக்குச் சந்தனம்

தைப்பொங்கல் முடிந்த மறுநாள் லெச்சுமி ஆளனுப்பினாள், சார்ஜ் ஏறவில்லையென்று. மகன் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு மேலேயே உட்கார்ந்து சிரித்தான். கண்ணாடித் தகடு முழுக்கச் சந்தனம், குங்குமம், அதற்கு மேல் செவ்வந்தி மாலை. நானே முருகா என்று சொல்லாமல் எந்த வீட்டிலும் சுவிட்சைத் தொடமாட்டேன். அதைத் துடைக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவன்தான் துடைத்தான். இனிமேல் பொட்டு தகட்டைச் சுற்றியுள்ள சட்டத்தில் மட்டும் என்று சமாதானம் பேசினேன். புஷ்பத்துக்கு மனசு ஆறவில்லை: “சூரியனுக்குத்தானே பொங்கலே! அவரை என் கூரையில ஏத்தி வச்சிட்டு, ஒரு மாலை போடக் கூடாதுன்னா எப்படிங்க?”

பாதி மீசை

ஆடி மாதம் பனி இறங்கினால் எங்கள் தொழிலே படுத்துவிடும். பசாரில் ஒரு சலூனுக்கும் சோலார் பூட்டியிருந்தோம். நாலு நாள் வெயிலைக் காணவில்லை. ஒரு கங்காணிக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பல்பு மங்கி அணைந்தது. நான் அந்த வழியாகப் போனது என் கெட்ட நேரம். பாதி மீசையோடு வாசலுக்கு வந்த கங்காணி என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, ஒங்க சூரியன் லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் ஒரு பக்கமாவே சிரிக்கவா?”

சிவப்பு லைட்டு

அந்தப் பனியில்தான் லெச்சுமியின் பெட்டியிலும் சிவப்பு லைட்டு எரிந்தது. சிவப்பு எரிந்தால் பேட்டரி இறங்கிவிட்டது, எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். புஷ்பத்துக்கு இது தெரியாது. அவள் தட்டினாள், பல்பு எரியவில்லை. திரும்பத் தட்டினாள்; சுவரில் காரை உதிர்ந்ததுதான் மிச்சம். லெச்சுமி வேண்டுமென்றே செய்கிறாள் என்று, தகட்டைக் கழற்றி எறியும் ஆத்திரத்தோடு விடியுமுன் லயத்தைச் சுற்றி அவள் வீட்டுக்கு வந்தாள்.

நான் பேட்டரி பார்க்கக் காலையில் போனபோது, வழியிலேயே சேதி கேட்டு, வாசலில் சண்டை நடக்கக் கூடாதென்று முருகனை வேண்டிக்கொண்டேதான் போனேன். உள்ளே புஷ்பம் சம்மணம் போட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் வந்து பார்த்தபோது, பெட்டியில் சிவப்பு லைட்டு எரிய, லெச்சுமி பயந்து பயந்து குப்பி விளக்கைத் தூரத்தில் வைத்து, அரை இருட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம். விளக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்ட புஷ்பம்தான் முதலில் பேசியிருக்கிறாள்: “ஏண்டி லெச்சுமி, சிவப்பு லைட்டு எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாம ஒன் வாய்லயும் பேட்டரி எறங்கிருச்சாடி?”

இப்போது அந்த லயத்துக்குக் கரண்டு வந்து, வீட்டுக்கு வீடு தனிச் சுவிட்சும் வந்துவிட்டது. புஷ்பம் மட்டும் இன்னும் அகப்பையால் சுவரைத் தட்டுகிறாளாம், ரொட்டி வெந்துவிட்டதா என்று கேட்க.