மாத்திரைக்கு இருந்த அலாரம்

சில வருடங்களுக்கு முன், திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். அன்று கார்த்திகை தீபம். கூட்டத்தால் ஊருக்குள் பஸ் வராது; என் வீடு இருக்கும் கீழ்பென்னாத்தூர் வரை நடந்தா போக முடியும்? இரவு டியூட்டியோடு பகல் டியூட்டியும் பார்த்துவிட்டு, சாயங்காலம் நர்ஸுகள் தூங்கும் அறையில் போய் விழுந்தேன்.

மலையில் தீபம் தெரிந்ததும் ஊரெல்லாம் அகல் ஏற்றுவார்கள். வார்டில் ஆக்ஸிஜன் இருப்பதால் விளக்கு கூடாது. அந்தக் குறையைத் தீர்க்க யாரோ பக்தியாக எங்கள் அறை ஜன்னலில் ஓர் அகலை வைத்து, கதவைச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டார்கள். திரைச்சீலை பற்றிக்கொண்டது. நான் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சண்டை. கணவருக்கு டிரிப் முடிந்தும் யாரும் வரவில்லை என்ற கோபத்தில், அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஓர் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"டிரிப் நின்னு எவ்ளோ நேரமாவுது, இங்க ஜம்முனு தூங்கினு இருக்கியா?"

அப்புறம்தான் புகையைப் பார்த்திருக்கிறார். என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டுக் கூச்சலிட்டார். ஆட்கள் ஓடிவந்து தீயை அணைத்தார்கள். நான் இருமி முடித்ததும் அவரே சொன்னார்: "புகை நாத்தம் அப்பவே வந்துச்சும்மா. தீபத்தன்னிக்கு வராம இருக்குமான்னு நெனச்சிட்டேன்."

வார்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். மனுஷ மூக்கு நாள் கிழமை பார்க்கும். புகை அலாரம் பார்க்காது. அது வார்டில் இருந்தது, மருந்து வைக்கும் அறையில்கூட இருந்தது. நாங்கள் தூங்கும் அறையில் மட்டும் இல்லை.

மேனேஜரிடம் கேட்டேன். "அது பேஷன்ட் ரூம் இல்லீங்களே சிஸ்டர்" என்றார், வெகு சாதாரணமாக. மாத்திரை அட்டைக்கு இருக்கிற மதிப்பு எங்கள் உயிருக்கு இல்லையா?

"அப்போ நாங்க வெந்து பேஷன்ட் ஆனப்புறம்தான் மாட்டுவீங்களா சார்?" என்று கேட்டேவிட்டேன்.

மறுநாள் அந்த அறைக் கதவில் 'இங்கு விளக்கு ஏற்றக் கூடாது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அலாரம் வரவில்லை. அகல் மேல் பழியைப் போட்டுக் கை கழுவிவிட்டார்கள். அந்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது வேறு மருத்துவமனை. சேரும்போது சம்பளம் கேட்பதற்கு முன்னால், நர்ஸுகள் தூங்கும் அறையைக் காட்டச் சொன்னேன். தீபத்தன்று ஊரே மலை உச்சியை அண்ணாந்து பார்க்கும். நான் மட்டும் அன்றிலிருந்து, படுப்பதற்கு முன் தலைக்கு மேலே கூரையை அண்ணாந்து பார்க்கிறேன்.