உப்புச் சாடிக் கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில, கல்யாணம் முடிச்சுக் கல்முனையில என்ட பொஞ்சாதி வீட்டில இருந்தன். எங்கட பக்கம் வீடு பொம்புளைக்குத்தான். மாப்பிள்ளை போய் இருக்கிறவன். போன மாப்பிள்ளை மாமிட ஊறுகாய்ச் சாடியையே பறிச்செடுத்தா எப்படி இருக்கும்? நான் பறிச்செடுத்தன். ஆராய்ச்சிக்காம்!

ஊறப்போட்ட தேசிக்காய்க்குள்ள, அதான் எலுமிச்சங்காய்க்குள்ள, உப்பு எவ்வளவு வேகமா இறங்குதெண்டு கண்டுபிடிக்கணும். காயை வெட்டாம, வெளியில நிக்கிற தண்ணியில உப்பு எப்படிக் குறைஞ்சு வருதெண்டு அளந்து, விளைவில இருந்து காரணத்தைத் தேடிப் போற கணக்கு. மண்ணில விழுந்த காதுத் தோட்டைத் தேடுறாப்போலதான். முதல்ல கம்பஸ் கொம்பியூட்டர் குருட்டாம்போக்கில கண்ட கண்ட எண்ணையெல்லாம் போட்டுத் துழாவும். கிட்ட வந்தாப்போல தெரிஞ்சா, அந்த இடத்தை மட்டும் மெல்ல மெல்ல அரிச்செடுக்கும். ரெண்டையும் சேர்த்தாத்தான் சரிவரும் எண்டு காட்டினா எனக்குப் பட்டம்.

எங்க சரிவந்த! ஒரு எண்ணும் பொருந்தல்ல. குறைஞ்சு ஓய்ஞ்சு நிண்ட உப்பு திரும்பவும் குறைஞ்சிரிந்திச்சு. கரண்டும் போய்ப் போய் வரும். எனக்கோ மூக்குக்கு மேல கோபம். கடைசியில, இடைக்கிட ஆரும் புதுக்காய் போட்டிருந்தா எண்டு ஒரு சந்தேகத்தையும் கணக்குக்குள்ள சேர்த்தன். சனியன், அச்சொட்டாப் பொருந்திச்சு!

வீட்டுக்கு வந்து கத்தினன்: "சாடிக்குள்ள கை வெச்சது ஆரு?"

மாமி எனக்கு முன்னால வந்து கதைக்கமாட்டா. கதவுச் சீலைக்குப் பின்னால இருந்து சொன்னா: "நான்தான் மருமகன். காய் குறைஞ்சா உங்கட கணக்குப் பிழையாப் போயிடுமெண்டு, எடுக்க எடுக்கப் புதுக்காய் போட்டு வெச்சன்."

"எடுத்துத் திண்டது ஆரு?"

குசினிக்குள்ள நிண்ட பொஞ்சாதி வாயைப் பொத்திக்கொண்டு கிணத்தடிக்கு ஓடினா. பின்னால போய் முதுகைத் தடவிவிட்டன். அப்பதான் எனக்கு விளங்கிச்சு.

முன்னம் ரெண்டு தரம் உண்டாகி, சந்தோஷத்தில ஊரெல்லாம் சொன்னம். ரெண்டும் தங்கல்ல. நாவூறு, ஆக்கள்ட கண்ணும் வாயும் பட்டுட்டுதெண்டு சனம் கதைச்சிச்சு.

"இந்தமுறை நாலு மாசம் கழியுமட்டும் உங்களுக்கும் சொல்லப்படாதெண்டு உம்மா…" எண்டா. கண் நிறைஞ்சிரிந்திச்சு.

"என்னத்தைச் சொல்லுற புள்ள? எனக்கு ஒண்டும் தெரியாது," எண்டன். "தேசிக்காயை எலி திண்டிருக்கும்."

அவ சிரிச்சா. சாடியைத் தூக்கிக்கொண்டுபோய் அவட பக்கத்திலயே வெச்சன். ஆராய்ச்சிக்கு வேற சாடி வாங்கலாம். ஒவ்வொரு தொழுகையிலயும் பயந்து பயந்து துஆக் கேட்டன். வெளியில வாய் திறக்கல்ல.

நாலு மாசம் கழிஞ்சு ஒருநாள் அசர்த் தொழுகைக்குப் பிறகு அவ வெட்கத்தோட வந்து சொன்னா. அப்பதான் முதல்தரம் கேக்கிறவன் போல, "மெய்யாவா புள்ள?" எண்டு கேட்டன். குரல் நடுங்கினது மட்டும் நடிப்பில்ல.