அக்கா ஓட்டிவிட்ட காட்சிகள்

கனகேஸ்வரி அக்காவுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, பதவியும் கொடுக்கவில்லை. ஆனாலும் எண்பதுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், எந்தப் பிறந்தநாள் விருந்தில் எந்தப் படம் ஓடலாம் என்பதை அவர்தான் முடிவு செய்தார். கணவர் சண்முகரத்தினம் பெரிய கிளார்க். வீடியோ டெக் முதலில் வாங்கியதும் அவர்கள்தான். தலையில் கொம்பு முளைக்க இது போதாதா?

விருந்து வைக்கும் தாய் கேசட்டை முதலில் அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார். விருந்தன்று ரிமோட் அவர் கையில். மழைப் பாட்டு, படுக்கையறை, கதாநாயகியின் இடுப்பு, எதுவானாலும் வருவதற்குச் சற்று முன்பே படம் விர்ரென்று ஓடும். ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அக்கா முந்தானையைச் சரிசெய்துகொள்வார். கதாநாயகன் பெண்டாட்டியைப் பளார் என்று அறையும் காட்சியை மட்டும் அவர் ஒருநாளும் ஓட்டிவிட்டதில்லை. அது குடும்பப் படமாம்.

கிள்ளானிலிருந்து புதிதாகக் குடிவந்த நல்லம்மாளுக்கு இந்தச் சட்டம் தெரியாது. மகள் தனலெட்சுமியின் பிறந்தநாளுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு படத்தைப் போட்டுவிட்டாள். மழைப் பாட்டு முழுசாக ஓடியது. அக்கா எழுந்துவிட்டார்.

"இது பிள்ளையள் பாக்கிற படமோ? எழும்புங்கோ எல்லாரும்!"

சொந்த மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்த தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கேக் வெட்டாமல் மேசையில் கிடந்தது. அதன்பிறகு தனலெட்சுமியோடு விளையாட ஒரு பிள்ளையையும் விடவில்லை. மற்றவர்கள் பேட்மிண்டன் ஆடுவதை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு நல்லம்மாள் பணிந்து போனாள். பெட்டாலிங் ஜெயாவில் புதுக் கேசட் வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அக்காவிடம் நீட்டினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா. எம்பொண்ணு கூட எல்லாரும் விளையாடணும், அவ்வளவுதான்."

அக்கா ஒரு வாரம் வைத்திருந்தார். ஒரே ஒரு இடத்தில் ஓட்டிவிட்டால் போதும் என்று தீர்ப்பும் அளித்தார்.

விருந்துக்கு எல்லாரும் வந்தார்கள். படம் அவ்வளவு தெளிவாக ஓடியது. கதாநாயகன் பால் சொம்போடு நின்ற மனைவியை நெருங்கினான். அக்காவின் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தியது. திரை முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. டெக்குக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. நாடா சிக்கிக்கொண்டது.

தெருமுனை வீடியோ கடை வேலாயுதத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் டெக்கைத் திறந்து, நாடாவை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"புது டேப்பா ஆன்டி? மத்த எடமெல்லாம் பளபளன்னு இருக்கு. இந்த எடம் மட்டும் தேஞ்சு போச்சு லா. ரிவைண்ட் பண்ணி, பாஸ் போட்டு, மறுபடி ரிவைண்ட் பண்ணி... இப்படிப் பாத்தா எந்த டேப்புதான் தாங்கும்?"

நல்லம்மாளுக்குச் சூது தெரியாது. "நாங்க இன்னும் பாக்கவே இல்ல தம்பி. கவர் பிரிக்காமத்தான் அக்காகிட்ட குடுத்தேன்" என்றாள்.

அத்தனை தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. சண்முகரத்தினம் அவசரமாக எழுந்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. இவ கதவைச் சாத்திப்போட்டுத்தான் பாக்கிறவ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. முகம் கறுத்துப்போன அக்கா, போன வருஷம் மாதிரியே எழுந்து நின்றார்.

"எழும்புங்கோ, போவம்!"

ஒருவரும் அசையவில்லை. நல்லம்மாள் கத்தியை மகள் கையில் கொடுத்தாள்.

"இருங்கக்கா, கேக் சாப்பிட்டுப் போங்க. போன வருஷந்தான் சாப்பிடாமப் போயிட்டீங்க."

அக்கா வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். உள்ளே பிள்ளைகள் எல்லாரும் தனலெட்சுமியைச் சுற்றி நின்று பாட ஆரம்பித்தார்கள்.