ஆறாவது ரொட்டி

இன்ஸாஃப் கல்யாண வீடியோ எடுப்பவள். நைல் டெல்டாவின் அந்த மில் நகரத்தில், பெண்கள் பக்கத்து ஆட்டம் பாட்டமெல்லாம் அவள் கேமராவுக்குள்தான். ஒவ்வொரு முகத்திலும் மூன்று எண்ணும் வரை கேமரா நிற்கும். ஒரு சித்தியின் முகம் விட்டுப்போனால்கூட அந்த வீட்டில் அவள் தலை உருளும்.

தேர்தல் மோசடியைப் படமெடுக்கக் கிளம்பிய அக்கம்பக்கத்துக் குழுவில் அவள் சேர்ந்தபோது, குழுவைத் தொடங்கிய வாத்தியார் வக்தி கிண்டலடித்தார்.

"ஏம்மா, இது என்ன நிச்சயதார்த்தமா? ஓட்டைத் திணிக்கற கையைப் படமெடும்மா. மூஞ்சியைப் பிடிச்சிட்டு எதுக்கு நிக்கற?"

பழக்கம் மாறவில்லை.

அந்த நவம்பர் ஞாயிறு காலை, வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டு மாடிப்படி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பள்ளி வாசலில் பெண்களைப் போலீஸ் மறித்து நிற்க, எதிர் வகுப்பறையில் மூன்று பேர் சாவகாசமாக டீ குடித்தபடி வாக்குச் சீட்டுகளில் குறியிட்டுக் கட்டுக்கட்டாகப் பெட்டிக்குள் திணித்தார்கள். கை, சீட்டு, பெட்டி. பிறகு முகம். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த முகம். நெஞ்சுக்குள் கல்யாண மேளமே கொட்டியது.

மெமரி கார்டைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டு சந்தில் இறங்கினால், முனையில் போலீஸ் அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்துகொண்டிருந்தான். ஓடினால் துரத்துவான்.

தோளுயரத்தில் ஒரு கூடை கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடி உம்மு ரிதா ரொட்டி வாங்கப் பலகணியிலிருந்து இறக்கிய கூடை. ரொட்டிக்காரன் ஐந்து ரொட்டிகளைப் போட்டுவிட்டு அப்போதுதான் நகர்ந்திருந்தான். இன்ஸாஃப் தன் பையிலிருந்த ரொட்டியைப் பிளந்து, அதன் வயிற்றுக்குள் கார்டைச் செருகி, கூடையில் போட்டாள்.

"இழுங்கக்கா!"

கூடை மேலே போனது. உடனே உம்மு ரிதாவின் குரல் சந்து முழுக்க ஒலித்தது. "டேய் ரொட்டிக்காரா, அஞ்சுதானே கேட்டேன்? ஆறு இருக்கே!"

அதிகாரி அதற்குள் வந்து இன்ஸாஃபின் கேமராவைப் பிடுங்கித் திறந்தான். காலி.

"கார்டு எங்கடி?"

"கல்யாண வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் பாஷா." போலீஸ் அதிகாரியை அங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

அவன் மேலே நிமிர்ந்தான். "ஏம்மா, ஒண்ணு மிச்சமா? கீழ போடு. விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து நிக்கறோம்."

"இதோ பாஷா!"

மேலாகக் கிடந்த ஆறாவது ரொட்டியை எடுத்த விரல்கள் அதை ஒருமுறை அமுக்கின. உள்ளே ஏதோ தட்டுப்பட்டதும் நின்றன. உம்மு ரிதா இன்ஸாஃபின் முகத்தைப் பார்த்தாள். அன்று காலைதான் வாக்குச்சாவடியில் 'உங்க ஓட்டு விழுந்தாச்சு' என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"இதைத் தரமாட்டேன் பாஷா! என் ஓட்டைத்தான் நீங்களே போட்டுட்டீங்க, ரொட்டியையாவது நான் திங்கறேனே!"

பலகணிகள் எல்லாம் சிரித்தன. அதிகாரி முகம் சிவந்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு போனான். ஏழு வருடக் கேமரா. அதற்காக அழப் பிறகு நேரம் இருந்தது. இன்ஸாஃப் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அரை மணியில் வக்தி தன் மடிக்கணினியோடு உம்மு ரிதா வீட்டுக்கு வந்துவிட்டார். படம் ஓடியது. கை, சீட்டு, பெட்டி. முகம்.

"அடப்பாவி!" உம்மு ரிதா துள்ளி எழுந்தாள். "என் நாத்தனார் மருமகன்ல இவன்! போன பெருநாளுக்கு என் வாத்தை முழுசா முழுங்கினானே!"

வக்தி மெதுவாகச் சொன்னார். "கையை மட்டும் படமெடுத்திருந்தா யார் கைன்னே தெரிஞ்சிருக்காது."

"இப்பயாவது புரிஞ்சுதா சார்?" என்றாள் இன்ஸாஃப்.

உம்மு ரிதா பலகணிக்கு ஓடி, திருப்பி அனுப்பப்பட்ட பெண்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அறை நிரம்பி, மாடிப்படியும் நிரம்பியது. படத்தை அவர்களுக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு, இணையத்தில் ஏற்றும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு வக்தி காத்திருந்தார்.

இன்ஸாஃப் கல்யாண வீட்டில் கேட்பதுபோலவே கேட்டாள்: "எல்லா முகமும் வந்திருக்கா? நல்லா பாத்துச் சொல்லுங்க!"