ஒரிஜினல் கண்டென்சர்

ஆபத்து என்று தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

பழம்பொருள் கடையின் பின்னறையில் பழைய ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. தெருவே அவளை ரேடியோக்காரி என்றது. ரேடியோவுக்குள் மின்கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கண்டென்சர் காவல் நிற்கும். அதற்குள் சுருட்டியிருக்கும் காகிதம் இற்றுப்போனால் காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். சட்டம் முழுக்க மின்சாரம் பாயும். வாங்குகிறவர்களுக்கோ பழைய முகம் வேண்டும். அதனால் கண்டென்சரின் பழைய கூட்டைச் சூடாக்கி, குடலை உருவி எறிந்து, புதியதை உள்ளே நுழைத்து, வாயை மெழுகால் அடைத்துவிடுவாள். பார்த்தால் சாட்சாத் பாட்டன் காலத்துச் சரக்கு.

ஒருநாள் வாங்க வந்தவர் மெழுகில் ஊசியால் குத்திப் பார்த்தார். குட்டு உடைந்தது.

"ஒரிஜினல்னு சொல்லித்தானே விக்கிறேன்? என் மானமே போச்சு! பழசையே மாட்டு" என்று குதித்தார் முதலாளி.

"பழசு ஆளைக் கொன்னுடும் சார். நான் மாட்ட மாட்டேன்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

உடைசல் ரேடியோ ஒன்றிலிருந்து பழைய கண்டென்சரைப் பிடுங்கி, கண்ணாடி ஜன்னலோரம் இருந்த ரேடியோவில் அவரே ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்தது.

"பாடுது பாரு! இப்ப என்ன சொல்ற?"

"பாடும் சார், அதுக்கென்ன? சட்டத்தைத் தொடுங்க, பாப்போம்."

அவர் தொடவில்லை. மறுநாள் காலையில் தொட்டது, கடையைக் கூட்டுகிற அக்கா. ரேடியோ பாடிக்கொண்டிருக்க, ஈரத்துணியால் சட்டம் தெரியும் அதன் முதுகைத் துடைத்தாள். தூக்கி எறியப்பட்டாள். உயிர் தப்பியது, வலது கை விரல்கள் மடங்காமல் போயின.

"அவ நேரம் சரியில்ல" என்றார் முதலாளி. நேரமாம்! பற்றவைத்த கை யாருடையது? கேட்ட ரேடியோக்காரிக்கு அன்றோடு வேலை போனது. ரேடியோ நல்ல விலைக்குப் போனது, ஒரிஜினல் என்ற பெயரோடு.

அவள் அக்காவைப் பார்க்கப் போனாள்.

"வாடி. துணி பிழியவும் முடியல, உன் மொதலாளி கழுத்தைப் பிழியவும் முடியல" என்று சிரித்த அக்கா, சட்டென்று கேட்டாள்: "நீ முன்னாடியே அவர்கிட்ட சொன்னியாமே?"

"சொன்னேன்க்கா. தலையால தண்ணி குடிச்சேன்."

"தொடைக்கிறவ நான்தானே? என்கிட்ட ஏண்டி சொல்லல?"



முதலாளியிடம் சொல்லியாயிற்று என்று நீங்களாவது கைகழுவிவிடாதீர்கள். துடைக்கும் துணியோடு வருகிறவரை வழியிலேயே நிறுத்துங்கள். "இதைத் தொடாதீங்க" என்று இன்றே சொல்லுங்கள்.