திறந்து மட்டும் பார்த்த மெயில்

அலுவலகத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களுக்கான விடுதி அது. கொஞ்சம் தேறியதும் அவர்களைத் தனி வீட்டில் குடிவைத்து, முகவரியை வெளியே மூச்சுவிடாமல் காப்பார்கள். முகவரிகள் இருந்தது விடுதியின் மெயிலில். மெயிலுக்குக் காவல் பூட்டு. பாஸ்வேர்டை எழுதி மேஜையில் ஒட்டுகிறவர்களை மனுஷன் உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார். "லிங்க்கைத் தொடாதீங்க. சும்மா திறந்து பார்த்தா ஒண்ணும் ஆகாது" என்று ஒன்பது வருஷமாக எல்லாருக்கும் பாடம் எடுத்தார்.

அந்தப் பாடம் பொய்யாகிவிட்டது. மெயில் மென்பொருளில் ஓர் ஓட்டை, கடிதத்தைத் திறந்தாலே உள்ளே ஒளிந்திருப்பது வேலையைக் காட்டிவிடும் என்று மென்பொருளைச் செய்த கம்பெனியே எச்சரித்து, அப்டேட்டும் அனுப்பியிருந்தது. போன தடவை அப்டேட் போட்டபோது இரண்டு நாள் மெயில் படுத்துவிட்டது. "ஓடுற வண்டியை எதுக்கு நோண்டுறீங்க?" என்று செயலாளர் கத்தினார். அந்தப் பயத்தில் பூட்டு இதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார். சோம்பல் என்றாலாவது மன்னிக்கலாம்.

புதன்கிழமை, தையல் வேலைக்குக் கிளம்பிய ஒருத்தியின் வாசலில் அவள் புருஷன் கத்தியோடு நின்றான்.

"சத்தியமா எதையும் தொடல தம்பி" என்று வார்டன் அக்கா அழுதாள். "வேலை கேட்டு ஒரு பொண்ணு எழுதியிருந்தா. திறந்து படிச்சேன், அவ்ளோதான்."

"தப்பு உங்க மேல இல்லக்கா. என் மேல" என்றார் பூட்டு. மெயிலின் பதிவுகளைப் பார்த்துவிட்டார். அவள் திறந்த நிமிஷமே பெட்டியிலிருந்த கடிதங்கள் மொத்தமும் நகலாகி வெளியே போயிருந்தன.

மன்னிப்புக் கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் கட்டோடு படுத்திருந்தவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அட்ரஸை ஒருத்தன்கிட்ட காசு குடுத்து வாங்கினேன்னு சொல்லிச் சொல்லிக் குத்தினான் சார். விக்கிறவன் இவனுக்கு மட்டுமா விப்பான்? எத்தனை பேர் அட்ரஸ் போச்சு?"

"எல்லார் அட்ரஸும்மா. நாப்பத்தோரு வீடு."

"அப்போ இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

வெளியே வராந்தாவில் வார்டன் அக்கா பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போனில் அழைத்துக்கொண்டிருந்தாள். "துணிகூட எடுக்காதே, கிளம்பு." பூட்டு பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்கினார். முதல் மூன்று பேர் எடுத்தார்கள். நான்காவது எண்ணில் ஓர் ஆண் குரல், "யாரு?" என்றது.